கோர்ட் கலையும் வரை

என் வீட்டுக்காரருக்குப் பிரசங்கம் என்றாலே தூக்கம் வந்துவிடும். போதகர் ஆசீர்வாதம் கூறக் கையைத் தூக்கும்போதுதான் கண் விழிப்பார். ஆனால் பாவ அறிக்கையை மட்டும் ஒரு வார்த்தை விடாமல், சபையாருக்கு அரை வரி முன்னாலேயே சொல்லி முடிப்பார். "இன்னா அவசரம்?" என்று முழங்கையால் இடிப்பேன். "பண்ணது பண்ணாதது எல்லாத்துக்கும் சேத்து சொல்லிட்டேன். அடுத்த வாரத்துக்கும் அட்வான்ஸ்" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அவர் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். நான் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் தப்பியதை ஒதுக்கி வைப்பது என் வேலை. அவர் கழுவிய தோல் என் கைக்கு வந்திருக்குமோ என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அப்படியெல்லாம் நான் யோசித்ததில்லை. எங்கள் இருவருக்கும் அது சம்பளம், அவ்வளவுதான்.

அவர் செத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். டேனரியில் தோல் கழுவிய தண்ணீரெல்லாம் வந்து சேரும் ஒரு தொட்டி உண்டு. மயிரும் சுண்ணாம்பும் சதைத்துண்டும் சேர்ந்து அது அடைத்துக்கொள்ளும். அடைப்பை உறிஞ்சி எடுக்க வண்டி இருக்கிறது. அன்றைக்கு வண்டி வேறெங்கோ போயிருந்தது. திங்கட்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று முதலாளிக்கு அவசரம். ஆளை இறக்கி எடுக்கச் சொல்லி மேஸ்திரிக்கு ஃபோன் பண்ணினார். மேஸ்திரி, வண்டி வரட்டும் என்று சொல்லிப் பார்த்தார். முதலாளி கேட்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் இறங்கினார். கயிற்றின் மறுமுனை மேஸ்திரி கையில் இருந்தது. உள்ளே இருந்த விஷக் காற்று, கயிற்றை இழுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்த மேஸ்திரிதான். ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டையெல்லாம் சேறாக, என் காலடியில் உட்கார்ந்து அழுதபடி சொன்னார். "வேணாம் வேணாம்னு சொன்னேம்மா. ஃபோன்ல கத்தறாரு. சாயங்காலத்துக்குள்ள காலியா இருக்கணும்ன்றாரு. நான் இன்னாம்மா பண்ணுவேன்." அந்த ஃபோனைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் எங்கள் சபையின் மூப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னால் நின்று பாவ அறிக்கையை நடத்துபவரும் அவரே. என் வீட்டுக்காரர் அரை வரி முந்திக்கொண்டு கேலி பண்ணியது அவருடைய குரலைத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கம்பெனியில் யாராவது செத்துவிட்டால், யார் செய்தது என்று பேச்சு வராது. கேஸை யார் எடுத்துக்கொள்வது என்றுதான் பேச்சு வரும். ஏதோ விருந்தாளியை யார் வீட்டில் தங்கவைப்பது என்பதைப் போலப் பேசுவார்கள். முதலாளிக்கு ஆயிரம் ஜோலி, அவர் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? மேஸ்திரியோ மேனேஜரோ எடுத்துக்கொள்வார். வருஷக்கணக்கில் வாய்தா நடக்கும், சாட்சிகள் வேறு ஊருக்குப் போவார்கள், கடைசியில் கேஸ் உதிர்ந்துபோகும். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. கேஸ் எடுத்துக்கொண்டவரை நன்றியுள்ளவர் என்பார்கள். போலீஸ் எழுதியதிலும் அப்படியே மேஸ்திரி பெயர் மட்டும் இருந்தது. முதலாளி பெயர் எங்கேயும் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இழப்பீடு வந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கேட்பவர்களெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. அந்த ஃபோன் பேச்சைக் கோர்ட்டில் ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லவேண்டும், கேட்டுக்கொண்டிருக்கும் நீதிபதி, 'அந்த முதலாளியைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லவேண்டும். அவர் ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நாள் வந்து நிற்கட்டும், 'ஏன் இறக்கினாய்' என்று ஒருவர் கேட்கட்டும். என் புருஷன் உயிருக்கு நான் கேட்ட விலை அவ்வளவுதான்.

அதற்கு வழி இருக்கிறது என்று சொன்னவள் ஆலங்காயத்து வக்கீல் பெண். என்னைவிட வயதில் சின்னவள், இலவசமாக நடத்தித் தருவதாகச் சொன்னாள். "விசாரணை நடக்கணும்க்கா. சாட்சி வரணும், குறுக்கு விசாரணை நடக்கணும். மேஸ்திரி தன்னோட பதில்ல, முதலாளி சொல்லித்தான் இறக்கினேன்னு சொன்னா போதும். ஃபோன் விவரத்தை வரவழைக்க மனு போடலாம். அப்பறம் அவரையும் இந்த கேஸ்ல சேருங்கன்னு கோர்ட்டக் கேக்கலாம். ஆனா எல்லாத்துக்கும் விசாரணை நடக்கணும். அது இல்லன்னா ஒண்ணுமே இல்ல." நான் அதை மனப்பாடமே செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மேஸ்திரியைக் கோயில் வாசலில் நிறுத்தினேன். "அண்ணே, கோர்ட்ல சொல்வீங்களா?"

"உங்கிட்ட சொன்னத அங்க சொல்ல மாட்டனாம்மா? சொல்றேன்" என்றார்.

நம்பினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை.

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும் நாள் வந்தது. எனக்கு அன்றைக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. வக்கீல் பெண், "வர்றதுன்னா வாங்கக்கா, அவர் மறுத்துட்டார்னா அடுத்தது விசாரணைதான்" என்றாள். லீவு சொல்லிவிட்டுப் போனேன். கோர்ட் என்றால் பெரிய கூடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஸ்டிச்சிங் ஹாலில் கால்வாசிகூட இல்லை. ஆற்று மணல் அடித்தவன், ஹெல்மெட் போடாதவன், அண்ணன் மண்டையை உடைத்த தம்பி எல்லோரும் ஒரே வராந்தாவில் நின்றிருந்தார்கள். மேஸ்திரி கோயிலுக்கு உடுத்தும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். கம்பெனி வைத்துக்கொடுத்த வக்கீல் அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மறுத்துவிடு, இழுத்துக்கொண்டு போவோம். அவர்கள் திட்டம் அது. அந்தத் திட்டத்துக்குள்தான் என்னுடைய ஒரே வழியும் இருந்தது.

பெயர் கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா படித்தார். பாதுகாப்பு இல்லாமல் தொழிலாளியைத் தொட்டிக்குள் இறக்கி, அஜாக்கிரதையால் மரணம் ஏற்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. பிறகு நிமிர்ந்து, "குற்றத்த ஒத்துக்கிறீங்களா, மறுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

மேஸ்திரி கைகளைக் கூப்பினார். தலையைக் குனிந்தார். கண்ணை மூடினார். அந்த நிற்பை நான் வாரா வாரம் பார்த்திருக்கிறேன்.

"ஒத்துக்கிறேங்கம்மா. தப்பு என்மேலதான்."

குரலும் அதே குரல். கம்பெனி வக்கீல் விருட்டென்று திரும்பிப் பார்த்தார். நீதிபதிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "யோசிச்சு சொல்லுங்க. ஒத்துக்கிட்டா தண்டனை உண்டு. யாராவது மிரட்டினாங்களா? ஆச காட்டினாங்களா?"

"இல்லைங்கம்மா. யாரும் சொல்லல. நானா சொல்றேன்."

கோயிலில் இதைச் சொன்னால் அடுத்து போதகர் எழுந்து மன்னிப்புக் கூறுவார். பிறந்ததிலிருந்து அதையே கேட்டு வளர்ந்த மனுஷன். ஒத்துக்கொண்டவனுக்கு இரக்கம், மறைக்கிறவனுக்கு வாழ்வில்லை. கோர்ட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். ஒத்துக்கொண்டால் கோர்ட்டில் விசாரணைக்கே வேலையில்லை, சாட்சி வேண்டாம், ஃபோன் விவரம் வேண்டாம், இன்னொருவர் வேண்டவே வேண்டாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிவைக்கவில்லை. எனக்கே அப்போது முழுதாக உறைக்கவில்லை. வக்கீல் பெண் என் கையைப் பிடித்ததும்தான் உறைத்தது.

வயதையும், சர்க்கரை வியாதியையும், தானாக முன்வந்து ஒத்துக்கொண்டதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறையும் தீர்ப்பு. கோர்ட் கலையும் வரை என்றால் என்ன என்று கேட்டேன். "அன்னிக்கு கோர்ட் முடியற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணும்க்கா. அதுதான் சிறை" என்றாள் வக்கீல் பெண். அபராதத்தைக் கம்பெனி வக்கீல் கையோடு கட்டிவிட்டார். அவர் முகத்தில் இப்போது நல்ல தெளிவு.

சுவர் ஓரமாக ஒரு மர பெஞ்ச். அதன் மூலையில் மேஸ்திரி போய் உட்கார்ந்தார். நானும் போகவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச்சொல்லியும் சொல்லவில்லை. மணல் அடித்தவன் கேஸ் வந்தது, ஹெல்மெட் கேஸ்கள் வரிசையாக வந்தன. சாப்பாட்டு நேரத்தில் நீதிபதி எழுந்து போனார், இவர் அங்கேயே இருந்தார். சர்க்கரைக்காரர், வேளைக்குச் சாப்பிட்டாகவேண்டியவர். நான் எழுந்துபோய் என் தண்ணீர் பாட்டிலையும் பையில் இருந்த பிஸ்கட்டையும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று என்மேலேயே எனக்குக் கோபம். வாங்கிக்கொண்டு, ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டார்.

சாயங்காலம் நீதிபதி எழுந்தார், எல்லோரும் எழுந்தோம், கோர்ட் கலைந்தது. என் புருஷன் செத்ததற்கான சிறைத்தண்டனை அத்தோடு முடிந்தது. மேஸ்திரி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் மறித்தேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரே வெளியே வந்து பார்த்தார். "இன்னாண்ணே பண்ணிட்டீங்க? சொல்றேன்னு சொன்னீங்களே!"

"உண்மையத்தானம்மா சொன்னேன். கயிறு என் கைல இருந்திச்சு. நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அவன் எறங்கியிருப்பானா? எவ்ளோ நாளா தூங்கல தெரியுமா."

"ஃபோன் பண்ணவரு?"

பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அவரு தப்பையும் சேத்து நானே சுமந்துட்டேம்மா. ஒருத்தன் சுமந்துட்டா மத்தவங்க மேல ஒண்ணும் இல்லாம போய்டும் இல்ல? ஆண்டவர் நமக்குப் பண்ணது அதான? எனக்கு அப்டித்தான் தோணுச்சு. யாரு மேலயும் பகை வேணாம்மா."

அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை. பொய் இல்லை, பயம் இல்லை, காசு ஆசை இல்லை. நல்லவர். நல்லவர் கையில் கேஸ் அகப்பட்டதுதான் என் தலையெழுத்து. ஒரு அயோக்கியன் எடுத்துக்கொண்டிருந்தால் தன் தோலைக் காப்பாற்றவாவது ஒருநாள் முதலாளியைக் காட்டிக்கொடுத்திருப்பான். இன்னொரு முறை முயற்சி செய்யலாமா என்று வக்கீல் பெண்ணைக் கேட்டேன். தனியாகப் புகார் கொடுக்கலாம் என்றாள். ஆனால் ஒரே சாட்சி, தானே குற்றவாளி என்று ஒத்துக்கொண்டவர். இனி அவர் மாற்றிச் சொன்னாலும் கோர்ட் நம்பாது என்றாள். அவர் மாற்றிச் சொல்லவும் தயாராக இல்லை. "சுமந்தத எறக்கி வெக்கச் சொல்றியாம்மா?" என்று என்னையே கேட்டார்.

அடுத்த பெரிய வெள்ளி வந்தது. மத்தியானம் தொடங்கி மூன்று மணிவரை நடக்கும் ஆராதனை. வெயில் மண்டையைப் பிளக்கும், ஃபேன் காற்றும் அனல்தான். சிலுவையில் ஆண்டவர் நமக்குப் பதிலாக நின்றதைப் போதகர் பேசிக்கொண்டு வந்தார். நாம் பாவிகள், தண்டனை நம்முடையது, சட்டம் விடாது, நீதி ஒருவரிடம் கணக்குத் தீர்த்தாகவேண்டும், பாவமே செய்யாதவர் நம் இடத்தில் நின்றார். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். அன்றைக்கு அவர் நிறுத்தி, "நம்ம மத்தியிலேயே ஒருவர், இன்னொருத்தர் குற்றத்தத் தன்மேல ஏத்துக்கிட்டு கோர்ட்ல நின்னார். பேர் சொல்ல வேணாம்" என்றார். எல்லாத் தலையும் மேஸ்திரி பக்கம் திரும்பியது. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அக்கா என் தோளை அணைத்து, "உன் வூட்டுச் சாவுலயும் தேவ மகிமை வெளிப்பட்டுச்சு பாரு" என்றாள். அவளை அறைந்திருப்பேன். கோயிலாச்சே என்று அடக்கிக்கொண்டேன்.

முடிந்ததும் போதகரைப் பிடித்தேன். அவர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மேஸ்திரி சுமந்துட்டதால முதலாளி நீதிமான் ஆய்ட்டாரா?"

"அது உதாரணம்மா. ரொம்ப இழுக்கக் கூடாது. ஆண்டவர் சுமந்தது, மனந்திரும்பினவங்களுக்குப் பலிக்கும்."

"முதலாளி எப்ப ஐயா மனந்திரும்பினார்?"

"அது அவருக்கும் கடவுளுக்கும் நடுவுல உள்ளது."

"நடுவுல நானும் ஒருத்தி இருக்கேனே ஐயா."

போதகர் கெட்டவர் இல்லை. மடித்த அங்கியை மறுபடி பிரித்து மடித்தார். "உனக்காக ஜெபிக்கிறேம்மா" என்றார். வேறென்ன சொல்வார், பாவம். நான் யோசித்து யோசித்துக் கண்டது இதுதான். சிலுவையில் யாருக்கு விரோதமாகப் பாவம் நடந்ததோ, அவரே இறங்கிவந்து சுமந்தார். தீர்ப்புச் சொல்கிறவரும் அவர், நஷ்டப்பட்டவரும் அவர், சுமந்தவரும் அவர். அதற்கு மூன்றாம் மனுஷர் சம்மதம் வேண்டியதில்லை. என் கேஸில் நஷ்டப்பட்டவள் நான். சுமந்தவர் வேறு, தீர்ப்புச் சொன்னவர் வேறு, தப்பித்தவர் வேறு. இவர்களில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் என் தலைக்கு மேலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். இதைப் போதகரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

வெளியே பந்தலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கஞ்சிக் கிண்ணத்தோடு மேஸ்திரி என்னிடம் வந்தார். சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "என்ன மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"மன்னிச்சிட்டேண்ணே" என்றேன். பொய் சொல்லவில்லை. அவரை மன்னிக்க எனக்குக் கஷ்டமே இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மன்னித்துவிட்டேன். அவர் அழுதுகொண்டே போனார். பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தீரவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவர் கேட்கவில்லை. அவருக்கு எதிராக ஒரு குற்றமே இல்லையென்று ஆகிவிட்டபிறகு எதற்குக் கேட்பார்? அவரை வெறுக்கவும் எனக்கு உரிமை இல்லை, மன்னிக்கவும் இல்லை.

என் மகள் அன்றைக்கு என்னோடு கோயிலில்தான் இருந்தாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். அப்பா செத்ததிலிருந்து அதிகம் பேசமாட்டாள். கோர்ட்டில் மேஸ்திரி என்ன சொன்னார் என்பதை ஊரார் பேசி அவள் கேட்டிருந்தாள். கேஸ் விஷயத்தை நான் அவளிடம் பேசியதில்லை, பரீட்சை முடியட்டும், விசாரணையில் வெளிவரும்போது தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று தள்ளிப்போட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் பொரிந்தாள்.

"எல்லாரு எதுர்லயும் அந்த ஆள மன்னிச்சிட்டேன்ற. அப்பாவ கொன்ன ஆளும்மா அது!"

"அவரு கொல்லலடி" என்று சொல்லி, அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி வராதது, ஃபோன் வந்தது, மேஸ்திரி வேண்டாம் என்றது, முதலாளி கத்தியது. நான் கோர்ட்டில் கேட்க ஆசைப்பட்டதை, ஒரு வரி விடாமல், என் மகளுக்கு நானே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"உனக்கு யாரு சொன்னது?"

"அவருதான். ஆஸ்பத்திரில."

"ஆஸ்பத்திரில அப்டி சொன்னாரு. கோர்ட்ல ஜட்ஜ் திருப்பித் திருப்பி கேட்டும் நான்தான் பண்ணேன்னாரு. இதுல எதும்மா நெஜம்?"

"கோர்ட்ல சொன்னது..."

"பண்ணாததப் பண்ணேன்னு யாராச்சும் கோர்ட்ல சொல்வாங்களா? ஒத்துக்கினாரு, தண்டன குடுத்தாங்க, முடிஞ்சி போச்சு. போதகர் சொல்லிட்டா ஆச்சா? உனக்கும் அவரு சபைல பெரிய ஆளு. அவர காப்பாத்தறதுக்கு நீ யாரோ முதலாளின்னு கத கட்டற."

முதலாளியை அவள் பார்த்ததுகூட இல்லை. அவளுக்கு அவர் ஒரு சொல், அவ்வளவுதான். நான் எதைக் காட்டி நம்பவைப்பேன்? மேஸ்திரியிடம் கூட்டிப்போனால் அவரும் அவளிடம், தப்பு என்மேலதான் பாப்பா என்று கைகூப்புவார். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள், புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, என்மேல் இரக்கப்பட்டவளாக, "கோர்ட்ட விட உனக்கு ஜாஸ்தி தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.